ஊசி இல்லாமல் பார்த்த ஈரல்

ஜில்தாஸ் பால் லாரி ஓட்டுகிறவர். விடிகிறதற்கு முன்னால் கிளம்பி, எங்கள் பிளூவெனெக் ஊரைச் சுற்றியிருக்கிற பண்ணைகளில் ஒவ்வொன்றாக நிறுத்துவார். குளிர்தொட்டியில் குழாயை மாட்டிப் பாலை இழுத்துக்கொள்வார். எல்லாம் முடிந்ததும் வெண்ணெய் ஆலையில் கொண்டுபோய் இறக்குவார். வாலிபத்திலேயே சேர்ந்த வேலை அது. இப்போது தலை நரைத்து, வயிறு முன்னால் வந்து, ஸ்டீரிங்கில் உரசுகிறது. பேச்சு ரொம்பக் குறைவு. அதனால் பண்ணைக்காரர்கள் அவருக்குக் 'குழாய்' என்று பேர் வைத்திருக்கிறார்கள். வருவார், மாட்டுவார், கழற்றுவார், போவார்.

அவர் மனைவி ஆர்மெலும் நானும் சேர்ந்துதான் கோயிலில் பீடத்துக்குப் பூ வைக்கிறோம். எங்கள் ஊருக்கென்று சாமியார் இல்லை. பத்துப் பன்னிரண்டு ஊருக்கு ஒருவர்தான். பூசைக்கு அவர் வருவதே பெரிய பாடு என்பதால், அடக்கச் சடங்குகளை ஊர்க்காரர்கள் நாங்களே நடத்திக்கொள்கிறோம். செபம் படிப்பது, மெழுகுவத்தி ஏற்றுவது, பெட்டிமேல் தீர்த்தம் தெளிப்பது எல்லாம் நாங்கள்தான். ஜில்தாசின் அண்ணன் லுசியன் செத்தபோதும் நான்தான் செபம் படித்தேன்.

லுசியனைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாகவேண்டும். கூரைக்குக் கருங்கல் ஓடு வேய்கிற வேலைக்காரர். கோயில் கோபுர உச்சியில் ஒரு காலை ஊன்றி நின்றுகொண்டு, மறு காலால் ஓட்டைத் தட்டிச் சரிசெய்வார். அந்த மனுஷனுக்கு ஊசி என்றால் பயம். ரொம்ப வருஷத்துக்கு முன்னால், ஈரல் கெட்டிருக்கிறதா என்று பார்க்க டாக்டர் அவரை ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார். அப்போதெல்லாம் விலா எலும்புக்கு நடுவே நீள ஊசியைச் செருகி, ஈரலிலிருந்து நூல் மாதிரி ஒரு துண்டை எடுத்துத்தான் பார்ப்பார்கள். லுசியன் கட்டிலில் படுத்தார். ஊசியைப் பார்த்தார். எழுந்து கால்சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே வந்துவிட்டார். பஸ்சைப் பிடித்து நேரே ழானீன் கடைக்கு வந்து, நடந்ததை அவரே சொல்லிச் சிரித்தாராம். காபி, ஒயின் கடை வைத்திருக்கிற ழானீன் இன்றைக்கும் அதைச் சொல்லுவாள். அதற்குப் பிறகு அவர் ஈரலை யாரும் பார்க்கவில்லை. கடைசியில் கண் மஞ்சளாகி, வயிறு பானை மாதிரி வீங்கி, போய்ச் சேர்ந்தார்.

அண்ணன் படுக்கையில் விழுந்த சமயத்தில்தான் தம்பிக்கும் ஒரு சங்கதி வந்தது. லாரி ஓட்டுகிறவர்களுக்கு எடுக்கிற ரத்தப் பரிசோதனையில் ஈரல் கணக்கு ஏறியிருந்தது. ஊர் டாக்டர் வயிற்றைத் தட்டிப் பார்த்துவிட்டு, "குடிய இன்னையோட விடுங்க. பட்டணத்து ஆஸ்பத்திரில ஈரலோட இறுக்கத்த அளக்கிற மிஷின் இருக்கு, போய்ப் பாத்துடலாம்" என்றார்.

"ஊசியா?" என்று கேட்டார் ஜில்தாஸ்.

"ஊசியெல்லாம் இல்லப்பா. மேல வச்சுத் தட்டும், அவ்வளவுதான். ஏழுக்குக் கீழ வந்தா நிம்மதி. பன்னண்டு பதிமூணத் தாண்டிச்சுன்னா உங்கண்ணன் ஈரல் மாதிரி கட்டையாயிட்டிருக்குன்னு அர்த்தம்."

ஜில்தாஸ் அன்றைக்கே நிறுத்தினார். அவர் ஒன்றும் பெரிய குடிகாரர் இல்லை. சாப்பாட்டுக்கு முன்னால், சாப்பாட்டோடு, ஞாயிற்றுக்கிழமை கொஞ்சம் கூட, எல்லோரையும் போலத்தான். ஆனால் ஊரில் எல்லோரும் அவரைப் பார்க்கும்போது குடித்தே ஈரல் கெட்ட லுசியனின் தம்பி என்றுதான் பார்ப்பார்கள். அது அவருக்குத் தெரியும்.

மிஷினுக்கு நாள் கிடைக்க மாசக்கணக்கில் ஆனது. கிடைத்த நாள், லுசியனைப் புதைத்த அதே வியாழக்கிழமை. காலையில் அடக்கம், மத்தியானம் மிஷின்.

"இன்னொரு நாள் கேட்டு வாங்கிக்கலாம்" என்றாராம் ஜில்தாஸ்.

"கேட்டா அடுத்த வருஷம் குடுப்பான். உங்கண்ணன் எழுந்து வந்தாரே, அந்த மாதிரி நீயும் வரப்பாக்குறியா?" என்று ஆர்மெல் ஒரே பிடியாய் நின்றுவிட்டாள். போகிறதென்று முடிவாயிற்று. மூன்று மணி நேரம் வயிறு காலியாக இருக்கவேண்டும் என்று ஆஸ்பத்திரியிலிருந்து போனில் சொல்லியிருந்தார்கள். போனை எடுத்தது ஜில்தாஸ்தான். ஆர்மெலுக்கு அதை அவர் சொல்லவில்லை. மறைத்தார் என்று இல்லை. ஈரல் பரிசோதனை என்றால் குடியைப் பற்றியது, தான்தான் தொடுவதே இல்லையே என்று அந்தப் பேச்சை அவர் மனதில் வாங்கிக்கொள்ளவே இல்லை.

கல்லறையில் மழை தூறியது. ஜில்தாஸ் அழவில்லை. பெட்டி இறங்கும்போது, கொக்கியில் கயிறு சரியாக மாட்டியிருக்கிறதா என்று குனிந்து பார்த்தார், குழாயைப் பார்க்கிற மாதிரி.

அடக்கம் முடிந்தால் எங்கள் பக்கத்தில் யாரும் நேரே வீட்டுக்குப் போகமாட்டார்கள். இறந்தவர் வீட்டுச் செலவில் கடையில் எல்லோருக்கும் காபி. பேர்தான் காபி. ரொட்டி, உப்பு வெண்ணெய், பன்றிக்கறி விழுது, வெண்ணெய்க் கேக், குடிக்கிறவர்களுக்கு ஒயின் என்று மேசை நிறைந்திருக்கும். செத்தவரின் சொந்தக்காரர் ஒவ்வொரு மேசையிலும் உட்கார்ந்து ஒரு வாயாவது தின்றுவிட்டு எழவேண்டும். உட்காராமல் போனால், எங்கள் மேசையில் தின்ன அவனுக்குக் கசந்ததா என்று வருஷக்கணக்கில் பேசுவார்கள்.

ஜில்தாஸ் ஒவ்வொரு மேசையாக உட்கார்ந்தார். முதல் மேசையில் ஒயின் புட்டியைச் சாய்த்தார்கள். அவர் கோப்பையைக் கையால் மூடினார்.

"பாருடா, குழாய அடைச்சுட்டாங்க!" என்றார் பண்ணைக்கார பெர்த்தோ.

"அண்ணனப் புதைச்ச அன்னைக்கே சந்நியாசமா? அடுத்த ஞாயித்துக்கிழமை பூசை வைக்கப்போறான் போலருக்கு" என்றார் இன்னொருவர்.

"லுசியன் பேரச் சொல்லி ஒரு வாய் குடிடா. அவன் உனக்கும் சேத்துக் குடிச்சவன்."

"காபி போதும்" என்றார் ஜில்தாஸ்.

"அப்ப இதையாவது தின்னு" என்று ழானீன் கறி விழுதைத் தடிமனாகத் தடவிய ரொட்டியை அவர் கையில் வைத்தாள். குடிக்காத குறையைத் தின்று தீர்க்கவேண்டும் போலிருந்தது அவருக்கு. ஒவ்வொரு மேசையிலும் தின்றார். கேக்கும் தின்றார். பெர்த்தோ புட்டியை ஆட்டிப் பேசியதில் கொஞ்சம் ஒயின் அவர் கோட்டுக் கையில் சிந்தியது. துடைத்துக்கொண்டு, ஆர்மெலோடு காரில் ஏறிப் பட்டணத்துக்குப் போனார்.

ஆஸ்பத்திரியில் மிஷின் வைத்திருந்த அறைக்குள் அவரை மட்டும் கூப்பிட்டார்கள். ஆர்மெல் வெளியே உட்கார்ந்தாள். உள்ளே இருந்த நர்ஸ் மதாம் லெ கோஃப் பக்கத்து ஊர்க்காரி. குடும்பப் பேரைப் படித்ததும் நிமிர்ந்தாள்.

"அப்கிராலா? கூரை வேயுற லுசியனுக்குச் சொந்தமா?"

"தம்பி."

"அப்படியா! எங்கப்பா வீட்டுக் கூரை அவர் போட்டதுதான். இன்னி வரைக்கும் ஒரு சொட்டு ஒழுகல. எப்படி இருக்காரு?"

"காலைலதான் புதைச்சுட்டு வரோம்."

அந்த அம்மாவுக்கு முகம் செத்துவிட்டது. "மன்னிச்சுக்குங்க, எனக்குத் தெரியாது" என்று விலாவில் தடவுகிற பிசின் புட்டியை எடுத்தாள், வைத்தாள், மறுபடி எடுத்தாள். பிறகு கேட்கவேண்டியதைக் கேட்டாள்.

"வயித்துல ஒண்ணும் இல்லையே மிசியே?"

அவர் கோட்டுக் கையிலிருந்து ஒயின் வாசனை வந்துகொண்டிருந்தது. அதை அவள் மோந்துவிட்டாள் என்றுதான் அவருக்குப் பட்டது. எழுந்து நிற்காத குறையாகச் சொன்னார்: "ஒரு சொட்டு இல்ல மதாம். தொட்டே மாசக்கணக்கா ஆச்சு. இது வேற ஒருத்தன் சிந்தினது."

"சரி, சரி, நம்புறேன்" என்றாள் அவள். இன்னொரு தரம் கேட்க அவளுக்கு வாய் வரவில்லை.

மல்லாந்து படுத்து வலது கையைத் தலைக்கு அடியில் வைக்கச் சொன்னாள். விலாவில் குளிர்ந்த பிசினைத் தடவி, டார்ச் லைட் மாதிரி ஒன்றை இரண்டு எலும்புக்கு நடுவே அழுத்தினாள். அது அவரைத் தட்டியது. விரலால் சுண்டுகிற மாதிரி, அவ்வளவுதான்.

"வலிக்குதா?"

"இல்ல. என்ன பண்ணுது அது?"

"தட்டி ஒரு அலைய உள்ள அனுப்புது. வெண்ணெய்ல அலை மெதுவாப் போகும், கட்டைல வேகமாப் போகும். எவ்வளவு வேகம்னு கூடவே எதிரொலி வச்சுப் பாத்து எண்ணாக் குடுக்கும்."

நாலைந்து தட்டுக்குப் பிறகு அவள் திரையைக் குனிந்து பார்த்தாள். தட்டிக்கொண்டே இருந்தாள். திரை அவர் பக்கம் லேசாகத் திரும்பியிருந்தது. பதினாலு என்று அதில் இருந்தது.

"அது என் பேருலதான் வந்திருக்கா?" என்று கேட்டார்.

"டாக்டர் பாத்துச் சொல்வாரு மிசியே. தேதி குடுப்பாங்க."

வெளியே வந்ததும் ஆர்மெல் எழுந்தாள். "என்ன ஆச்சு?"

"டாக்டர் சொல்வாராம்."

"வலிச்சுதா?"

"இல்ல."

அவ்வளவுதான் அவளிடம் சொன்னது. காரில் ரேடியோ போட்டார். வீட்டுக்கு வந்து முயல்களுக்குத் தீனி வைத்தார். மறுநாள் வேலைக்குப் போனார். பண்ணைகளில் பால் இருந்தது, இழுத்தார், இறக்கினார். அந்த நாட்களைப் பற்றிப் பிற்பாடு என்னிடம் சொன்னபோது, "பயமெல்லாம் இல்ல தெரேஸ். கை மரத்துப்போனா கிள்ளிப் பாப்போமே, அந்த மாதிரி. கிள்ளிக் கிள்ளிப் பாத்தேன், ஒண்ணும் தெரியல" என்றார்.

ஆனால் அவர் செய்த காரியங்கள் வேறே சொல்லின. ஒரு நாள் ஆர்மெலைக் கீழ்அறைக்குக் கூட்டிக்கொண்டு போய், வீட்டைச் சூடாக்குகிற பாய்லரில் காற்று அடைத்தால் எந்தத் திருகை எந்தப் பக்கம் திருப்பவேண்டும் என்று காட்டினாராம்.

"கல்யாணம் ஆன நாள்லேருந்து இது பக்கத்துல என்ன வர விட்டதில்ல நீ. இப்ப என்ன திடீர்னு வாத்தியார் வேலை?" என்று அவள் கேட்டிருக்கிறாள்.

"கத்துக்கயேன். என்ன கெட்டுப்போச்சு?"

"எங்கயாவது ஓடிப்போகப் போறியா? பொம்பளையா?"

"எனக்கு எவ வருவா?"

"அதுவும் சரிதான்" என்று அவள் சிரித்துக்கொண்டே மேலே வந்துவிட்டாள். அவர் கீழேயே நின்றிருக்கிறார்.

அடுத்த வாரம் கோயிலுக்கு வந்தார். பூசை இல்லாத நாள். நான் தரையில் சிந்திய மெழுகைச் சுரண்டிக்கொண்டிருந்தேன். தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு பெஞ்சியில் உட்கார்ந்தார்.

"அடக்கத்துக்கு எந்தப் பாட்டு வைக்கணும்னு முன்னாலயே சொல்லி வைக்கலாமா?"

"வைக்கலாமே. யாருக்கு?"

"ஒருத்தருக்கு."

"அந்த ஒருத்தர் பால் லாரி ஓட்டுறவரா?"

அவர் தொப்பியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு பதினாலு என்றார். ஊர் டாக்டர் சொன்ன ஏழையும் பதிமூன்றையும் சொன்னார். அண்ணனுடைய வயிற்றைப் பற்றிச் சொன்னார். எல்லாவற்றையும் பண்ணையில் பால் அளவு சொல்கிற குரலில்தான் சொன்னார். எனக்குத்தான் கண்ணில் தண்ணீர் வந்தது, அவருக்கு வரவில்லை.

"ஆர்மெலுக்குத் தெரியுமா?"

"டாக்டர் சொல்லட்டும். அதுவரைக்கும் அவ தூங்கட்டும்."

டாக்டர் எந்த எண்ணையும் இன்னும் வாய்திறந்து சொல்லவில்லையே, நாமே தீர்ப்பு எழுதிவிட வேண்டாம் என்று சொன்னேன். எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான். மாதா பீடத்தில் ஒரு மெழுகுவத்தி ஏற்றினேன். ஏற்றி முடிகிறவரை அவர் நின்றார், பிறகு தொப்பியைப் போட்டுக்கொண்டு போனார். எந்தப் பாட்டு என்று சொல்லவில்லை.

டாக்டரைப் பார்க்கிற நாளில் ஆர்மெல் என்னையும் கூப்பிட்டாள். அவளுக்கு ஏதோ உறுத்தியிருந்தது. நாங்கள் மூவரும் டாக்டர் கெமெனரின் அறையில் உட்கார்ந்தோம். அவர் வயசானவர், எங்கள் பக்கத்துக் கடற்கரைக்காரர். கண்ணாடியைத் தூக்கி நெற்றியில் வைத்துக்கொண்டு திரையையும் ஜில்தாசையும் மாறி மாறிப் பார்த்தார்.

"மிஷின் பதினாலுங்குது. ரொம்ப இறுகியிருக்குங்குது" என்றார்.

ஆர்மெல் தன் கைப்பையை இறுக்கிப் பிடித்தாள். ஜில்தாஸ் தலையாட்டினார், முன்னாலேயே தெரிந்த ஒரு விலாசத்தைச் சொன்ன மாதிரி.

"ஆனா ரத்தம் அப்படிச் சொல்லல. ஈரல் அவ்வளவு கட்டையானா ரத்தத்துல வேற சிலதும் கெட்டிருக்கணும். உங்களுக்கு அதெல்லாம் நல்லாத்தான் இருக்கு. ரெண்டும் ஒத்துவரல. இந்த மாதிரி ஒத்துவராதப்ப முன்னெல்லாம் நேரா ஊசிதான்."

"ஊசி போடணும்னா போடுங்க" என்றார் ஜில்தாஸ். குரலில் ஒன்றுமே இல்லை.

"அவசரப்படாதீங்க. அன்னைக்கு என்ன நாள்? காய்ச்சல் கீய்ச்சல் இருந்துச்சா?"

"காய்ச்சலெல்லாம் இல்ல டாக்டர்" என்றாள் ஆர்மெல். "இவங்க அண்ணன அடக்கம் பண்ணிட்டு நேரா இங்கதான் வந்தோம்."

டாக்டர் கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கினார். "நேராவா? கடைக்குப் போகாமலா?"

"கடைக்குப் போகாம எப்படி? அண்ணனாச்சே. எல்லா மேசையிலயும் உக்காந்து எழுந்துதான் வந்தாரு."

"சாப்பிட்டாரா?"

"ழானீன் விடுவாளா? ரொட்டியும் கறி விழுதும், ரெண்டு துண்டு கேக்கும்..."

"ரெண்டு இல்ல, மூணு" என்றார் ஜில்தாஸ்.

டாக்டர் நாற்காலியில் சாய்ந்துகொண்டார். "மாதாவே! வெறும் வயித்தோட வரச்சொல்லி உங்ககிட்ட யாரும் சொல்லலையா?"

"சொன்னாங்க. நான் குடிக்கல டாக்டர். ஒரு சொட்டுகூட."

"குடிக்கலன்னு நம்புறேன்யா! வயித்துல எதுவும் இருக்கக்கூடாது, ரொட்டித்துண்டு கூட. சாப்பிட்டா ரத்தமெல்லாம் ஈரலுக்குப் பாயும். காத்தடிச்ச டயரத் தட்டிப் பாத்தா எப்படி இருக்கும், லாரி ஓட்டுறவருக்கு நான் சொல்லணுமா? இந்தப் பக்கத்துல அடக்கம் நடக்கிற அன்னைக்கு எவனுக்கும் தேதி குடுக்கக்கூடாதுன்னு போர்டு மாட்டணும். நாளைக்கு காலைல வாங்க. ராத்திரிச் சாப்பாட்டுக்கப்புறம் பச்சத்தண்ணி மட்டும்தான்."

வீட்டுக்கு வருகிற வழியில் ஆர்மெல் திட்டினாள். பதினாலு என்று தெரிந்தும் தன்னிடம் சொல்லாததற்குத் திட்டினாள். பாய்லருக்கும் சேர்த்துத் திட்டினாள். பேக்கரி வாசலில் நிறுத்தினால் இறங்கிப் போய் எதையாவது வாங்கித் தின்றாலும் தின்பார் என்று திட்டினாள். கடைசியில் மூக்கைச் சிந்திக்கொண்டாள். ஜில்தாஸ் ஓட்டினார்.

மறுநாள் நான் காத்திருக்கும் இடத்தில் செபமாலையோடு உட்கார்ந்தேன். இந்தத் தடவை ஆர்மெலும் உள்ளே போனாள். மதாம் லெ கோஃப்தான் இருந்தாளாம். அவரைக் கண்டதும் அவள் முகம் சிவந்துபோயிற்று.

"நான் இன்னொரு தரம் கேட்டிருக்கணும் மிசியே."

"நானும் ஒழுங்கா பதில் சொல்லியிருக்கணும்."

"இன்னைக்கு என்ன சாப்பிட்டீங்க?"

"ஒண்ணும் இல்ல" என்றாள் ஆர்மெல். "நான் சாப்பாட்டு அலமாரியப் பூட்டிச் சாவிய வச்சுக்கிட்டேன்."

நர்ஸ் தட்டினாள். எட்டும் சொச்சமும் வந்தது. திரும்பத் தட்டியும் அதையே சுற்றி வந்தது.

டாக்டர் கெமெனர் வந்து பார்த்தார். "நல்லாருக்குன்னு சொல்லமாட்டேன். உங்கண்ணனோட ஈரல் இல்லன்னு சொல்வேன். வடு விழ ஆரம்பிச்சிருக்கு. கொழுப்பும் இருக்கு. இது திரும்பி வர்ற இடம். குடிய விட்டாச்சு, அந்த வயித்தயும் குறைங்க. அடுத்த வருஷம் இதே மாதிரி தட்டிப் பாப்போம்."

"ஊசி?"

"எதுக்கு?"

ஆர்மெல் டாக்டரின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதுவிட்டாள். நர்ஸ் அவளுக்குக் காகிதத் துவாலை கொடுத்தாள். ஜில்தாஸ் விலாவில் இருந்த பிசினைத் துடைத்து, சட்டைப் பொத்தானைக் கீழேயிருந்து மேலே ஒவ்வொன்றாகப் போட்டார். வெளியே வந்து என்னைப் பார்த்தார். "எட்டு" என்றார். பதினாலு என்று சொன்ன அதே குரல்தான்.

கார் நிறுத்தும் இடத்தில் நல்ல காற்று. ஆர்மெல் சாவியைப் பிடுங்கிக்கொண்டாள். அவர் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்தார். நான் பின்னால் ஏறினேன்.

"சந்தோஷப்படணும்ல இப்ப?" என்று அவர் கேட்டார். யாரைக் கேட்டார் என்று தெரியவில்லை.

"படணும்னு சட்டமா?" என்றாள் ஆர்மெல்.

"ஒண்ணும் வரமாட்டேங்குது."

"வரும். வராட்டியும் போகுது. உசிரு இருக்குல்ல, அது போதும்."

அவர் தலையைப் பின்னால் சாய்த்தார். ஆண்டவருக்கு நன்றி சொல்லி நான் ஒரு செபம்தான் சொல்லி முடித்திருப்பேன், அதற்குள் குறட்டை கேட்டது. வாய் திறந்து, தாடை தொங்கி, கைகள் இரண்டும் மடியில் மல்லாந்து கிடந்தன. பக்கத்தில் ஒரு ஆம்புலன்ஸ் அலறிக்கொண்டு உள்ளே வந்தது. அவர் அசையவில்லை.

ஆர்மெல் வண்டியைக் கிளப்பவில்லை. சாவியை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"அவசரம் ஏதாவது இருக்கா தெரேஸ்?"

"எனக்கென்ன அவசரம்" என்றேன்.

"அப்ப கொஞ்சம் இருப்போம்" என்றாள் அவள், தன் கோட்டைக் கழற்றி அவர்மேல் போட்டுக்கொண்டே.